எல்லோரும் ஆடும் பூல், எல்லோரும் பார்க்கும் ஸ்நூக்கர்

2025 மே முதல் வாரத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சீனாவின் ஜாவ் சின்டோங் உலக ஸ்நூக்கர் சாம்பியன் ஆனார். முதல் பரிசு 5 லட்சம் பவுண்டு. இரண்டரை மாதம் கழித்து சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் உலக பூல் சாம்பியன் பட்டத்தை பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ வென்றார். அவருக்குக் கிடைத்தது 2.5 லட்சம் டாலர். பவுண்டை டாலராக மாற்றிக் கணக்குப் போட்டால், ஸ்நூக்கர் சாம்பியன் வாங்கியதில் பாதிகூட வராது. சவூதி பணம் உள்ளே வந்த பிறகுதான் இந்த அளவாவது எட்டியிருக்கிறது.

இரண்டும் துணி விரித்த மேசையில், குச்சியால் பந்தை அடித்துப் பாக்கெட் என்னும் ஓரத் துளைகளில் போடும் ஆட்டங்கள்தான். பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். அமெரிக்காவில் மட்டுமே கோடிக்கணக்கானோர் பூல் ஆடுகிறார்கள். மதுக்கூடம், கல்லூரி விடுதி, வணிக வளாகத்து விளையாட்டு மையம் என்று எங்கே போனாலும் கண்ணில் படுவது பூல் மேசைதான். இத்தனை பேர் ஆடும் ஆட்டத்தின் உலக சாம்பியன் பெயர் ஏன் யாருக்கும் தெரிவதில்லை?

ஆடுவோர் கூட்டம் வேறு, பார்ப்போர் கூட்டம் வேறு. நமக்கு இது புதிதல்ல. கேரம் போர்டு இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? ஆனால் கேரமில் உலக சாம்பியனாகி அர்ஜுனா விருதும் வாங்கிய சென்னைக்காரர் மரிய இருதயத்தைத் தெருவில் பார்த்து அடையாளம் கண்டுகொள்பவர்கள் மிகக் குறைவு. ஓர் ஆட்டத்தைக் கோடிப் பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால், ஆட்டம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. பூலுக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இரண்டு மேசைகள்

ஸ்நூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். மொத்தம் 22 பந்துகள்: 15 சிவப்பு, 6 வண்ணப் பந்துகள், குச்சியால் அடிக்கும் வெள்ளை ஒன்று. முதலில் ஒரு சிவப்பைப் பாக்கெட்டில் போட வேண்டும். அதற்கு 1 புள்ளி. அடுத்து ஒரு வண்ணப் பந்து. கேரமில் ரெட்டுக்குப் பின்னால் ஃபாலோ போடுகிறோம் அல்லவா, அதுபோல இங்கே ஒவ்வொரு சிவப்புக்கும் பின்னால் ஒரு வண்ணம். மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. சிவப்புகள் தீரும்வரை வண்ணப் பந்து பழைய இடத்துக்கே திரும்பி வரும். தீர்ந்த பிறகு வண்ணப் பந்துகளை மஞ்சள் முதல் கறுப்பு வரை வரிசையாகப் போட வேண்டும். தவறவிடாமல் ஒரே மூச்சில் எடுக்கும் புள்ளிகளுக்கு ‘பிரேக்’ என்று பெயர். வழக்கமான ஆட்டத்தில் ஒருவர் எடுக்கக்கூடிய முழு பிரேக் 147. ஒரு சுற்று ஆட்டம் ஒரு ‘ஃபிரேம்’.

இந்த ஆட்டம் பிறந்தது நம் நாட்டில். 1875 இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இதை உருவாக்கினார் (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்). விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்.

போட்டிகளுக்கான பூல் மேசை 9 அடிக்கு 4.5 அடி. பந்து சற்றுப் பெரியது. ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர் என்றால் பூல் பந்து 57 மில்லிமீட்டர். பந்துகளில் எண்கள் இருக்கும். முக்கோணமாகவோ வைரமாகவோ அடுக்கி வைத்த பந்துக் குவியலுக்கு ‘ரேக்’ என்று பெயர். ஒரு சுற்று ஆட்டத்தையும் ரேக் என்றே சொல்வார்கள். பூலில் ‘பிரேக்’ என்றால் அந்த அடுக்கை உடைக்கும் முதல் அடி. ஒரே சொல் இரண்டு ஆட்டத்திலும் இரண்டு பொருளில் வருவதே புதிதாகப் பார்ப்பவரைத் தடுமாற வைக்கும்.

பூல் என்று தனியாக ஓர் ஆட்டம் கிடையாது

ஸ்நூக்கர் என்றால் ஒரே ஆட்டம். பூல் என்பது ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் முக்கியமானவை இவை.

1. எய்ட்பால். ஒருவருக்கு முழு நிறப் பந்துகள், மற்றவருக்குக் கோடு போட்டவை. தன் பந்துகளை முடித்துவிட்டு 8 ஆம் எண் கறுப்பைப் போடுபவர் வெற்றி. உலகில் பெரும்பாலோர் பூல் என்று நினைப்பது இதைத்தான்.

2. நைன்பால். 1 முதல் 9 வரை ஒன்பது பந்துகள். மேசையில் இருப்பதில் சிறிய எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். 9 ஐ முறைப்படி போட்டவருக்கு ரேக். தொலைக்காட்சியில் தொழில்முறை வீரர்கள் பெரும்பாலும் ஆடுவது இது.

3. ஸ்ட்ரெயிட் பூல். எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி. கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவின் சாம்பியன்ஷிப் ஆட்டம் இதுதான்.

4. டென்பால், ஒன் பாக்கெட், பேங்க் பூல் என்று இன்னும் பல.

இவை போக, பிரிட்டன் மதுக்கூடங்களில் 7 அடி மேசையில் சிவப்பு-மஞ்சள் பந்துகளோடு ஒரு தனி வகை. சீனாவில் பூல் அளவு மேசைக்கு ஸ்நூக்கர் பாணிப் பாக்கெட் வைத்த ஹேபால்.

இதனால் நேர்ந்த முதல் இழப்பு, ஆடுபவனுக்கும் வீரனுக்கும் இடையிலான உறவு. சனிக்கிழமை இரவு நண்பர்களோடு எய்ட்பால் ஆடிவிட்டு வந்தவர், தொலைக்காட்சியில் நைன்பாலைப் பார்த்தால் ஏன் அந்தப் பந்தை விட்டுவிட்டு இந்தப் பந்தை அடிக்கிறார் என்றே புரியாது. அவர் ஆடும் எய்ட்பாலுக்கும் கடைக்குக் கடை விதி மாறும். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன் டெஸ்ட் மேட்சைப் பார்க்கும்போது, தான் ஆடுவதையே பெரியவர்கள் ஆடுகிறார்கள் என்று உணர்கிறானே, அந்த உணர்வு பூல் ஆடுபவருக்கு வாய்க்கவில்லை.

இன்னொரு இழப்பு, வரலாறு. 1954 இல் ஓஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வில்லி மஸ்கோனி ஸ்ட்ரெயிட் பூலில் தவறவிடாமல் 526 பந்துகள் போட்டார். வியக்க வைக்கும் சாதனைதான். ஆனால் இன்றைய நைன்பால் சாம்பியனை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை, ஏனென்றால் அவர் ஆடுவது வேறு ஆட்டம். ஸ்நூக்கரிலோ 1927 இல் முதல் உலகப் பட்டம் வென்ற ஜோ டேவிஸிலிருந்து இன்றைய சாம்பியன் வரை ஒரே கயிறு. ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு பட்டம், ரோனி ஓ’சலிவன் ஏழு பட்டம், இவர்களில் யார் பெரியவர் என்று ரசிகர்கள் விடிய விடிய விவாதிக்க முடிகிறது. ரசிகர் கூட்டம் வளர்வதே இப்படிப்பட்ட விவாதத்தில்தான்.

நான்கு பந்து, இருபத்திரண்டு புள்ளி

1985 ஏப்ரல் 28, ஞாயிறு இரவு. ஷெஃபீல்டு குரூசிபிள் அரங்கில் உலக இறுதிப் போட்டி. 18 ஃபிரேம் எடுப்பவர் சாம்பியன். 8-0 என்று முன்னால் போன ஸ்டீவ் டேவிஸை டெனிஸ் டெய்லர் விரட்டி வந்து 17-17 ஆக்கிவிட்டார். கடைசி ஃபிரேமில் டேவிஸ் 62, டெய்லர் 44. மேசையில் மீதி நான்கு பந்து: பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. கூட்டினால் 22. நான்கையும் போட்டால் டெய்லருக்கு 66. அவற்றில் ஒன்றை டேவிஸ் போட்டுவிட்டாலும் பட்டம் போய்விடும்.

முதல் மூன்றையும் டெய்லர் போட்டார். 62-59. இப்போது கறுப்பு யாருக்கோ அவருக்கே உலகப் பட்டம். இருவரும் மாறி மாறி அடித்துத் தவறவிட்டார்கள். டேவிஸுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. மயிரிழையில் பந்து விலகியது. டெய்லர் போட்டார். நள்ளிரவு தாண்டிவிட்டது. பிபிசி 2 இல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 1 கோடியே 85 லட்சம் பேர்.

அந்தக் கூட்டத்தைக் கட்டிப்போட்டது எளிய கூட்டல் கணக்கு. இன்னும் எவ்வளவு வேண்டும், மேசையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்ற இரண்டு எண்கள் போதும். குச்சியே பிடிக்காத பாட்டிக்கும் பதற்றம் புரியும். ஐம்பது, சதம், 147 என்று வழியெங்கும் மைல்கற்கள் உண்டு. தோற்றவர்கூட ஒரு சதம் எடுத்திருந்தால் அது மறுநாள் பேச்சில் வரும்.

நைன்பாலில் ஒருவர் எட்டுப் பந்துகளை அழகாகப் போட்டுவிட்டு ஒன்பதாவதைத் தவறவிட்டால், எதிராளி எழுந்து வந்து அந்த ஒன்றைப் போட்டு ரேக்கை எடுத்துக்கொள்வார். முந்தைய எட்டுக்கும் பலகையில் அடையாளமே இருக்காது. அதேபோல் 1 ஐத் தொட்டு, அது போய் 9 ஐ இடித்து, 9 பாக்கெட்டில் விழுந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற அந்த வேகம் ஆடுபவருக்குச் சிலிர்ப்பு. பார்ப்பவருக்கோ, மெல்ல மெல்ல ஏறும் பதற்றம் கைக்கு வருமுன் அடுத்த ரேக் தொடங்கிவிடுகிறது.

முதல் அடியாலும் ஒரு சிக்கல் உண்டு. பந்துகள் இறுக்கமாக அடுக்கப்பட்டு, வீரருக்கு மேசையும் பழகிவிட்டால், உடைக்கும் அடியிலேயே ஓரத்துப் பந்து ஒன்று தவறாமல் பாக்கெட்டுக்குப் போகும். மீதியை அவரே வழித்து முடித்துவிடுவார். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதைத் தடுக்கப் போட்டி நடத்துவோர் அடுக்கும் முறையையும் உடைக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கஷ்டம்

பூலில் வழக்கமான மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய 4.5 அங்குலம், பந்து 2.25 அங்குலம். அதாவது இரண்டு பந்துகளை அருகருகே வைத்தால் சரியாக அடைபடும். ஸ்நூக்கரில் பாக்கெட் வாய் சுமார் 3.5 அங்குலம், அதுவும் உதடு வளைந்தது. லேசாக உரசினாலும் பந்தைத் துப்பிவிடும். அங்கே பந்து பயணிக்கும் தூரமும் அதிகம். ஆகவே ஸ்நூக்கரில் நீண்ட தூரத்துப் பந்து ஒன்று விழுந்தால், பார்ப்பவர் தன்னால் முடியாது என்று உடனே ஒப்புக்கொள்கிறார். பூலில் பந்து விழுவதைப் பார்த்தால் ‘இதை நானும் போடுவேனே’ என்று தோன்றும். அந்த ஒரு பந்தை அவர் போட்டும்விடுவார்.

பூலின் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில். எதிராளி பந்தை மறைத்துவிட்டால் மேசையின் ஓரச் சுவரில் அடித்துத் திருப்பி எடுப்பதில். ஃபவுல் செய்தால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம் என்பதால், தொட முடியாத பந்தையும் எப்படியாவது தொட்டாக வேண்டும். 1995 இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் நடந்த ஓர் இறுதிப் போட்டியின் கடைசி ரேக்கில் அமெரிக்க வீரர் எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் பந்தை மறைத்து வைத்தார். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் வெள்ளைப் பந்தை இரண்டு சுவர்களில் மோதவிட்டு, ஆங்கில இசட் எழுத்து போலத் திருப்பிக் கொண்டுவந்து அந்தப் பந்தைப் பாக்கெட்டில் போட்டார். தெரிந்தவர்கள் இன்றும் அந்த அடியைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஆனால் தினமும் ஆட்டத்தை நகர்த்துவது இதைவிட நுட்பமான சுழற்சியும் வேகக் கட்டுப்பாடும். கேமரா அதைக் காட்டுவதில்லை. நல்ல பூல் ஆட்டக்காரர் எவ்வளவு தேர்ந்தவரோ, அவ்வளவு எளிதாக அவர் ஆட்டம் தெரியும்.

வண்ணத் தொலைக்காட்சியும் சிகரெட்டும்

பிரிட்டனில் வண்ண ஒளிபரப்பு புதிதாக வந்திருந்த 1969 இல், வண்ணத்தைக் காட்ட ஏற்ற நிகழ்ச்சிகளை பிபிசி 2 தேடியது. பச்சைத் துணியும் பல நிறப் பந்துகளும் கொண்ட ஸ்நூக்கரைவிடப் பொருத்தமானது எது? ‘பாட் பிளாக்’ நிகழ்ச்சி தொடங்கியது. அதற்கு வழிவிட்டவர் பிபிசி 2 இன் பொறுப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ, இயற்கைப் படங்களால் உலகறிந்த அதே மனிதர். நாட்டில் இருந்தவை மூன்றே அலைவரிசைகள். எதைப் போட்டாலும் கோடிப் பேர் பார்ப்பார்கள். மேசை நகராது, மழை வராது, சில கேமராக்கள் போதும். 1977 இல் உலகப் போட்டி குரூசிபிளுக்கு வந்தது. 1978 முதல் பிபிசி அதைத் தினந்தோறும் காட்டத் தொடங்கியது.

பணம் எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் 1965 இலேயே தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டுவிட்டது. வேறு வாசல் தேடிய சிகரெட் நிறுவனங்கள் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க முன்வந்தன. 1976 முதல் 2005 வரை உலக ஸ்நூக்கர் போட்டியின் பெயரிலேயே எம்பஸி சிகரெட் இருந்தது. அமெரிக்காவில் இதே தடை 1971 இல் வந்தபோது, அங்கே சிகரெட் பணம் பெருமளவில் போய்ச் சேர்ந்தது கார் பந்தயத்துக்கு. நாஸ்கார் தொடர் அந்த ஆண்டே வின்ஸ்டன் கோப்பை ஆனது. அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கத் தொலைக்காட்சியில் பூல் வெறும் இடைவெளி நிரப்பி. வித்தை அடிகளையும் காட்சிப் போட்டிகளையும் காட்டினார்கள். ஒரு சாம்பியன்ஷிப்பை முதல் சுற்றிலிருந்து இறுதிவரை நாள் தவறாமல் காட்டும் வழக்கம் அங்கே வேர்விடவில்லை.

திறமையை ஒளித்துவைத்த தொழில்

பூலைப் பின்னுக்கு இழுத்ததில் மிக ஆழமான காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

‘பூல்’ என்ற பெயரே பந்தயப் பணத்தைச் சேர்த்து வைப்பதிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ‘பூல்ரூம்’ என்றால் குதிரைப் பந்தயம் கட்டும் அறை. பந்தயங்களுக்கு நடுவே பொழுது போக மேசைகள் போட்டார்கள். அறையின் பெயர் ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே நல்ல ஆட்டக்காரருக்கு வருமானம் பந்தயத்தில். தன்னைவிடத் திறமையானவன் என்று தெரிந்தால் யார் பணம் கட்டுவார்கள்? ஆகவே ஆட்டத்தை மறைத்து, சில ரேக் தோற்று, பிறகு தொகையை ஏற்றி வெல்வது ஒரு கலையாயிற்று.

1985 இல் எஃப்ரன் ரேயஸ் முதன்முதலாக அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு வந்தபோது ‘செசார் மோராலெஸ்’ என்ற பொய்ப் பெயரில் போட்டியில் இறங்கி வென்றார். உண்மைப் பெயர் சொன்னால் அவரோடு பணம் வைத்து ஆட ஆள் கிடைக்காது. பிற்காலத்தில் பலர் உலகின் தலைசிறந்த பூல் வீரர் என்று கொண்டாடிய மனிதர், பிழைப்புக்காகத் தன் பெயரையே மறைக்க வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டு நட்சத்திரத்தை உருவாக்குவது அவர் பெயர். பூல் அந்தப் பெயரை ஒளித்துவைக்கச் சொன்னது.

அமெரிக்காவில் பூல் இரண்டு முறை பெரிதாகக் கிளம்பியது. 1961 இல் ‘தி ஹஸ்லர்’ படம் வந்தபோது ஒன்று, 1986 இல் அதன் தொடர்ச்சியாக ‘தி கலர் ஆஃப் மணி’ வந்தபோது இன்னொன்று. பூல் கூடங்கள் பெருகின. ஆனால் இரண்டுமே பந்தயக்காரனின் கதை. மகனை அங்கே அனுப்பத் தயங்கும் பெற்றோர் அந்தப் படங்களால் மனம் மாறியிருக்க மாட்டார்கள். பிரிட்டனிலும் ஸ்நூக்கர் கூடத்துக்கு நல்ல பெயர் இல்லைதான். ஆனால் வெயிஸ்ட்கோட், வில் டை, கைகுலுக்கல், அரங்கின் நிசப்தம் ஆகியவை அந்தக் கறையை வீட்டுக் கூடத்துக்குள் வரும் அளவுக்குக் கழுவிவிட்டன.

யார் நடத்துகிறார்கள்?

ஸ்நூக்கருக்கு ஒரே தொழில்முறைச் சுற்று (ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடர்), ஒரே தரவரிசை. அதில் ஆடும் உரிமையான சுற்று அட்டை கிடைத்தால் ஒரு வீரர் ஆண்டு முழுவதும் எங்கே ஆடுவோம் என்று திட்டமிடலாம். பூலில் நெடுங்காலம் நிலைமை இப்படி இருந்தது:

1. பெரும்பாலான போட்டிகளில் வீரர்களே நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். பரிசுத் தொகையில் கணிசமான பங்கு அந்தப் பணம்தான். பயணம், தங்கும் செலவு தனி.

2. வெளியிலிருந்து வந்த பெரிய பணம் நிலைக்கவில்லை. 2006 இல் இன்டர்நேஷனல் பூல் டூர் ரீனோவில் நடத்திய எய்ட்பால் போட்டியில் முதல் பரிசு 5 லட்சம் டாலர். ரேயஸ் வென்றார். ஸ்நூக்கரிலிருந்து ரோனி ஓ’சலிவன்கூட அந்தச் சுற்றில் ஆட வந்தார். பரிசுப் பணம் சொன்ன நேரத்தில் வீரர்கள் கைக்கு வந்து சேரவில்லை. சுற்றும் முடங்கியது.

3. அதிகாரம் சிதறிக் கிடந்தது. உலக அமைப்பு ஒரு பக்கம், கண்டவாரி அமைப்புகள் ஒரு பக்கம், தனியார் நடத்துநர்கள் ஒரு பக்கம்.

பெண்கள் ஆட்டத்தில் மட்டும் காற்று எதிர்த்திசையில் வீசியது. ஸ்நூக்கரில் பலமுறை உலக சாம்பியனான இங்கிலாந்தின் அலிசன் ஃபிஷர் 1995 இல் அமெரிக்கா போய்ப் பூலுக்கு மாறினார். அங்கே பெண்களுக்கென்று ஒழுங்கான சுற்றும், தொலைக்காட்சி இடமும் இருந்தன. ஸ்நூக்கரில் அப்போது பெண்களுக்கு அது இல்லை. நல்ல நிர்வாகமும் ஒளிபரப்பும் இருந்தால் பூலும் வீரர்களை ஈர்க்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

மணிலாவில் கதை வேறு

பிலிப்பைன்ஸில் பூல் ஏழைத் தெருவின் ஆட்டம். ரேயஸ் அங்கே தேசிய நாயகன். 1999 இல் கார்டிஃபில் அவர் உலக நைன்பால் பட்டம் வென்றது வீட்டுக்கு வீடு கொண்டாடப்பட்டது. 2006 இல் உலகப் போட்டி மணிலாவிலேயே நடந்தபோது ரோனி அல்கானோ வென்றார். தைவானில் வூ ஜியாசிங் 2005 இல் 16 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு 18 வயது டிங் ஜுன்ஹுய் பெய்ஜிங்கில் ஹென்ட்ரியை வீழ்த்தி சீன ஓப்பன் ஸ்நூக்கர் பட்டத்தை வென்றதும் சீனாவில் ஸ்நூக்கர் பொங்கி எழுந்தது. ஊர்க்காரன் ஒருவன் ஜெயித்து, அதை எல்லோரும் பார்க்கும் அலைவரிசை காட்டினால், இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே விளைவுதான். அமெரிக்காவில் ஸ்நூக்கர் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது என்பதும் இதன் மறுபக்கம்.

இப்போது நடப்பது

இன்று பூலைத் தூக்கி நிறுத்த அதிகம் முயல்வது, ஸ்நூக்கரை வளர்த்த பேரி ஹெர்னின் மேட்ச்ரூம் நிறுவனமே. 1994 இல் அது தொடங்கிய மஸ்கோனி கோப்பையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும். பார்வையாளர்கள் கத்தலாம், பாடலாம். 2002 இல் ஐரோப்பாவுக்கு வெற்றி அடியை அடித்தவர், 1985 இல் கறுப்பைத் தவறவிட்ட அதே ஸ்டீவ் டேவிஸ். 2023 இல் உலக நைன்பால் சுற்று தொடங்கியது. பாக்கெட் வாய் குறுகியது. அடுக்கில் 9 ஆம் பந்து இடம் மாறி, முதல் அடியின் சலுகை குறைந்தது. ஒவ்வோர் அடிக்கும் நேர வரம்பு உண்டு. ஹனோய், ஜெத்தா என்று புதிய நகரங்கள் வந்தன.

ஆனால் 2024 இல் இந்தச் சுற்றுக்கும் உலக பூல் அமைப்புக்கும் இடையே வெளிப்படையான மோதல் வெடித்தது. அங்கீகாரம் இல்லாத போட்டியில் ஆடினால் தடை என்ற எச்சரிக்கை ஆசிய வீரர்களைத் தாக்கியது. இன்னொரு பக்கம் சீனா ஹேபாலில் பெரும் பணத்தைக் கொட்டுகிறது. முன்னணி வீரர்கள் ஒரு மாதம் நைன்பால் மேசையிலும், அடுத்த மாதம் வளைந்த உதடு கொண்ட ஹேபால் மேசையிலும், பிறகு டென்பாலிலும் என்று கையைப் பழக்கிக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள். அவர்களுடைய ரசிகர்களோ இன்றைக்கும் மதுக்கூடத்தின் 7 அடி மேசையில் எய்ட்பால் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.